மார்லி தூங்கும் இடம்

மார்லி எங்கே தூங்குகிறாள் என்பதுதான் கேள்வி. ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் பள்ளி மாவட்டத்துக்குள் அம்மாவோடு தூங்கினால் அவளுக்குச் சிறப்பு வகுப்பில் இடம் உண்டு. பேச்சு வராத அவளுக்காகப் பேசும் டேப்லட்டும் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்பா வீட்டில் தூங்கினால் இரண்டும் கிடையாது. அங்கே அப்படி ஒரு வகுப்பே இல்லை.

அவள் அந்தப் பக்கத்துப் பிள்ளை என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். வீட்டைச் சோதிக்கப் போகும் ஆணோடு ஒரு பெண்ணும் போக வேண்டும் என்பது விதி. சேர்க்கை மேசையில் இருப்பவள் நான்தான் என்பதால் கர்ட்டின் காரில் ஏறினேன். கர்ட் போலீஸில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது மாவட்டத்துக்காக வீடுகளைச் சோதிப்பவர்.

"பல் பிரஷ், கட்டில், அழுக்குத் துணி. மூணு பார்த்தா போதும்மா," என்றார். "பொய் சொல்றவங்க வீட்டுல அழுக்குத் துணியே இருக்காது."

நாங்கள் தட்டும் முன்பே மார்லியின் அம்மா கோரின் கதவைத் திறந்தாள். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை அவளுக்கு. தரைக்குக் கீழே இரண்டு அறை. வீடு முழுக்க ப்ளீச்சிங் நெடி. மார்லி அப்போது பள்ளியில் இருந்தாள்.

ரோஜா நிறக் கட்டில். விரிப்பில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. கட்டில் காலில் தொங்கிய விலைச் சீட்டைக் கர்ட் பேனா முனையால் தூக்கிக் காட்டினார்.

"புதுசா?"

"பழசு உடைஞ்சிருச்சு சார்."

"எங்க அது?"

"குப்பையில போட்டுட்டேன்."

"பிள்ளையோட பிரஷ்?"

"அவ பிரஷைக் கடிச்சுத் துப்பிருவா. துணியாலதான் தேய்ச்சு விடுவேன்."

"பிரஷ் இல்லாத பிள்ளை, படுக்காத கட்டில்," என்று கர்ட் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வீட்டுல பேய்தான் குடியிருக்கு போல."

நான் குளியலறையை எட்டிப் பார்த்தேன். ஆள் படுத்துக் குளிக்கும் நீளத் தொட்டி பளிச்சென்று இருந்தது. அதன் குழாயில் மட்டும் தடிமனான துண்டு ஒன்றைச் சுற்றித் தலைமுடி ரப்பர்களால் கட்டியிருந்தாள். ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படிக்கும் மாலை வகுப்பில், நோட்டில் ஒரு கோடு போட்டு, கண்டதை அதற்கு மேலே எழுது, நினைத்ததைக் கீழே எழுது என்பார்கள். அன்று துண்டைக் கோட்டுக்கு மேலே எழுதினேன். கோட்டுக்குக் கீழே, "ஒழுகும் குழாய்."

செவ்வாய்க்கிழமை விசாரணை. சிறப்புக் கல்வி இயக்குநர் ஹாஸ்கெட் அம்மையார் மேசை நடுவில் டோனட் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். கர்ட் இருந்தார், மார்லிக்குப் பேச்சுப் பயிற்சி தரும் பேம் இருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் கோரின் அவளையும் அழைத்து வந்திருந்தாள். எட்டு வயது மார்லி டேப்லட்டோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கோரின் வாடகை ஒப்பந்தம் கொண்டுவந்திருந்தாள், மின்சார பில் கொண்டுவந்திருந்தாள். வார்த்தை மாறாமல் சொன்னாள். "தினமும் என் வீட்டுல, அவ கட்டில்லதான் தூங்குறா."

ஹாஸ்கெட் தாள்களைப் புரட்டினார். "ஒரு விலைச் சீட்டை வச்சு என்னத்த நிரூபிக்கிறது கர்ட்?" என்று அலுத்துக்கொண்டார். கோரினின் தோள் கொஞ்சம் இறங்கியது.

ஹாஸ்கெட் ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டு, நாய்க்குட்டியிடம் பேசும் குரலில் தரைப் பக்கம் குனிந்தார். "நீயே சொல்லேன்டா தங்கம். எங்க தூங்குவ நீ?"

வேடிக்கைக்குக் கேட்டதுதான். 'எங்கே' என்ற கேள்விக்கு மார்லி ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. பந்து எங்கே, ஷூ எங்கே என்று பேம் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மார்லி டேப்லட்டில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். ஒரு படத்தைத் தொட்டாள்.

"தொட்டி," என்றது டேப்லட்.

பேம் துள்ளி எழுந்து கைதட்டினாள். "ஐயோ, சொல்லிட்டா! கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாடி என் செல்லம்!"

கைதட்டல் கேட்ட மார்லி உடம்பெல்லாம் ஆடச் சிரித்தாள். "தொட்டி. தொட்டி. தொட்டி."

வேறு யாரும் தட்டவில்லை. பேமின் கைகள் மெல்ல நின்றன.

"தொட்டியா?" என்றார் ஹாஸ்கெட்.

கோரின் நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். "கட்டில்ல படுக்க மாட்டேங்குறா மேடம். நாலு பக்கமும் இடுக்கமா இருந்தாத்தான் கண்ணை மூடுவா. தொட்டிக்குள்ள மெத்தை போட்டு, போர்வை போட்டு... காலைல எடுத்துட்டுத்தான் நான் குளிப்பேன். நீங்க வர்றீங்கன்னு எல்லாத்தையும் ஒளிச்சு வச்சேன். தப்பா நினைப்பீங்கன்னு."

அப்போதுதான் துண்டு எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன். "ஆமா மேடம், குழாயில துண்டு கட்டியிருந்தாங்க. பிள்ளை தலையில இடிக்காம இருக்க. நானே பார்த்தேன்."

கோரின் நன்றியோடு என்னைப் பார்த்தாள்.

"நல்லது," என்றார் ஹாஸ்கெட், விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தபடி. "அப்ப சாட்சியும் இருக்கு. பிள்ளையைக் குளியல் தொட்டியில படுக்க வைக்கிறாங்கன்னு தெரிஞ்சா நாங்க குழந்தைகள் நலத் துறைக்குச் சொல்லியாகணும் கோரின். சட்டம். இன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போனாலும் போவாங்க."

"மேடம்..."

"இல்ல, அவ உன் வீட்டுல தூங்குறதே இல்லைன்னா, தொட்டின்னு அவ சொன்னது சும்மா ஏதோ ஒரு படத்தைத் தொட்டது. நானும் யாருக்கும் போன் போட வேண்டியதில்ல. ரெண்டுல எதை எழுதட்டும்? நீயே சொல்லும்மா. உன் பிள்ளை."

கோரின் மகளைப் பார்த்தாள். மார்லி இன்னும் கைதட்டலுக்காகக் காத்திருந்தாள்.

"என் வீட்டுல தூங்குறதில்ல," என்றாள் கோரின். "அவங்க அப்பா வீட்டுல."

"எங்களை இத்தனை அலைய விட்டுட்டியே," என்றார் ஹாஸ்கெட் அன்பாக, கையெழுத்துக்குத் தாளைத் தள்ளியபடி. பிறகு என்னிடம் திரும்பினார். "டேப்லட் நம்ம மாவட்டத்துது. வாங்கி வச்சிரு."

நான் மார்லியின் எதிரில் முட்டி போட்டேன். பிடுங்க வேண்டியிருக்கும், கத்துவாள் என்று பயந்தேன். கையை நீட்டியதும் தானாகவே கொடுத்துவிட்டாள். மாற்றி மாற்றி விளையாட பேம் கற்றுக்கொடுத்திருந்தாள்: உன் முறை, என் முறை. கொடுத்துவிட்டு, தன் முறைக்காக உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

நான் டேப்லட்டை அணைத்தேன். பேம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வா மார்லி," என்று கோரின் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து எழுப்பினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"ஐயோ பாவம், இதுக்குத்தான் கேட்குது போல," என்று ஹாஸ்கெட் அந்தக் கையில் ஜாம் வைத்த டோனட் ஒன்றை வைத்தார்.

மார்லி அதைப் பார்த்தாள். கையைச் சாய்த்துக் கீழே விழவிட்டாள். பிறகு மறுபடி என் பக்கம் நீட்டினாள். கதவு வரைக்கும் அந்தக் கை மடங்கவில்லை.

"கம்பளத்துல ஜாம் பட்டிருச்சு பாருங்க," என்றார் கர்ட்.

நான் துடைத்தேன்.