மாமியாரின் ஒரு கை

என் மாமியார் அறுவை சிகிச்சை டாக்டர். நான் அதே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். கேட்பவர்கள் எல்லாரும், "அட, வீட்டோட டீமா?" என்பார்கள். வந்து பார்த்தால் தெரியும்.

நோயாளி மயங்கியதும் அவருடைய மூச்சு என் பொறுப்பு. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்கை வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து, அதோடு இணைந்த காற்றுப் பையை அழுத்திக் காற்றை உள்ளே அனுப்ப வேண்டும். பலர் இடது கையால் மாஸ்க், வலது கையால் பை என்று தனியாகவே சமாளித்துவிடுவார்கள். என் கை சின்னது. இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிப்பேன். பையை அழுத்த நர்ஸ் வர வேண்டும். மாமியாருக்கு அது ஆகவே ஆகாது. "ஒரு மாஸ்க்குக்கு ரெண்டு பேரா? என் ஆபரேஷன் தியேட்டருக்கு வேற ஆளைப் போடுங்க" என்று எங்கள் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டார். சொன்னதை என்னிடம் சாப்பாட்டு மேசையில் வேறு அறிவித்தார், மகராசி. ஆறு வருஷம் உழைத்துப் பிடித்த இடம் அது. விடுவேனா?

தலைவர் கொஞ்சம் குசும்பு பிடித்தவர். "அளந்து பாத்துடலாம்" என்றார். சம்மதித்த இருபது நோயாளிகள். ஒரு நிமிடம் ஒரு கை, ஒரு நிமிடம் இரண்டு கை. ஒவ்வொரு மூச்சுக்கும் எத்தனை மில்லி காற்று போகிறது என்று இயந்திரம் சொல்லும். இரண்டு கை ஜெயிக்காவிட்டால் நான் வேறு தியேட்டருக்குப் போக வேண்டும். "பையை அழுத்த நர்ஸ் வேண்டாம். புகார் சொன்னவங்களே அழுத்தட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதல் பத்தொன்பது பேரிலும் இரண்டு கைக்குத்தான் வெற்றி. பையை அழுத்திக்கொண்டே மாமியார், "உன் கை சின்னது, அதான்" என்றார். அசைந்தால்தானே.

இருபதாவது ஆள் லாரி டிரைவர். நெஞ்சு வரைக்கும் தாடி. முந்தின நாள், "தாடியை எடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்டார். தாடி இருந்தால் மாஸ்க் சரியாகப் படியாது, ஓரத்தில் காற்று கசியும். எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்தான். "நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டும்" என்றேன். தொண்டைக்குள் வைக்கும் குழாயைக் கையெட்டும் தூரத்தில் தயாராக வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் மயங்கியதும் மாமியாரிடம் ரொம்பப் பணிவாகச் சொன்னேன். "உங்க கை பெருசு அத்தை. ஒரு கையால எப்படிப் பிடிக்கணும்னு நீங்களே காட்டுங்க. பையை நான் அழுத்தறேன்."

மாட்டிக்கொண்டார். பக்கத்தில் தலைவர் நிற்கும்போது பின்வாங்க முடியுமா? இடது கையால் பிடித்தார். நான் அழுத்தினேன். புஸ்ஸென்று தாடி வழியே காற்று போனது. நூற்றைம்பது மில்லி. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். நூற்று முப்பது. எனக்கு வந்த சிரிப்பை என் முகக்கவசம்தான் மறைத்தது.

"ரெண்டாவது கையையும் வைங்க அத்தை."

வைத்தார். தாடையைத் தூக்கினார். நான் அழுத்த, டிரைவரின் நெஞ்சு அழகாக மேலெழுந்தது. ஐந்நூற்றுப் பத்து. மாமியார் முகத்தில் அப்போது வந்த பூரிப்பை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"என்ன மேடம், ஆளை மாத்தணுமா?" என்றார் தலைவர்.

"வேண்டாம். இவளே இருக்கட்டும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

மாமியார் மாஸ்க்கிலிருந்து கையை எடுக்காமலே தொடர்ந்தார். "ஆனா இனிமே மாஸ்க்கை நான் பிடிச்சுக்கறேன். பையை அழுத்த இவ கை போதும்."