கவிழ்த்து வைத்த கிளாஸ்

18 செப்டம்பர் 2025, வியாழன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். டீக்கடையில் குடித்து முடித்த கிளாஸை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஈ உட்காரக் கூடாது என்றுதான். வீட்டில் அப்படித்தான் பழக்கம்.

வரிசையாக எழுதுகிறேன். நாளை மணலியில் ஒரு தொழிற்சாலையில் உதவிப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு நேர்முகம். தொழிலாளர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். தலைப்பு: வாயு கசிந்தால் என்ன செய்வது. தொழிற்பாதுகாப்பு மாலை வகுப்பில் எழுத்துத் தேர்வு என்றால் எனக்கு நல்ல மதிப்பெண்தான். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன மாத நேர்முகத்தில் "வணக்கம்" சொன்னதோடு சரி. இதுவும் போனால் இப்போது வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையிலேயே நின்றுவிடுவேன் என்று பயம். குறிப்பைப் படித்துப் பார்க்கலாம் என்று, வகுப்புக்கு முன் காலடிப்பேட்டையில் ஜெரினா அக்காவின் கடைக்குள் முதல் முறையாகப் போனேன்.

விசித்திரமான கடை. சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காகப் பத்து நிமிடம் முந்தி ஓடும். பெஞ்சுக்குப் பதில் பழைய பஸ் சீட்டுகள்.

நான் கிளாஸைக் கவிழ்த்ததும் கடை அடங்கியது. டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. யாரோ ரேடியோவை அணைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் என்னையே பார்த்தார்கள்.

"சொல்லு கண்ணு," என்றார் அக்கா.

"என்னக்கா சொல்றது?"

"கவுத்துட்டல்ல? இங்க கிளாஸ கவுத்தா, எல்லாருக்கும் சொல்ல சேதி கீதுன்னு அர்த்தம். நீ நிமித்தற வரைக்கும் வேற யாரும் பேசக் கூடாது. நானும் டீ ஊத்த மாட்டேன்."

"கல்யாண சேதியா, சாவு சேதியா, சீக்கிரம் சொல்லு தங்கச்சி. வண்டி எடுக்கணும்," என்றார் டிரெய்லர் ஓட்டும் பீம்ராவ்.

"நீயா கவுத்த? வாய மூடு பீம்ராவு," என்று அக்கா அதட்டினார்.

மன்னிப்புக் கேட்டு நிமிர்த்தியிருக்கலாம். கை கிளாஸ்வரை போனது. நாளைக்கும் இப்படிப்பட்டவர்கள் முன்னால்தானே நிற்கப்போகிறேன் என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

குறிப்புத் தாளை விரித்துப் பிடித்தேன். நெடி வந்ததும் சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது, ஈரத் துணியால் மூக்கை மூட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். காற்று அடிக்கிற பக்கமாகவே ஓட வேண்டும் என்றும் சொன்னேன்.

இறால் கம்பெனிக்குப் போகிற ரோசி, பள்ளிக்கூடத்தில்போலக் கை தூக்கினார். கேள் என்று அக்கா தலையசைத்தார்.

"யம்மா, காத்துகூடவே நான் ஓடுனா, கேஸும் என்கூடவே ஓடியாராதா? எங்க கம்பெனில அமோனியா கீது, அதான் கேக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். குறிப்பைப் பார்த்தேன். என் கையெழுத்தில், சிவப்பு அடிக்கோட்டோடு, தவறாகவே இருந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது ஒரு வரியைத் தாண்டியிருக்கிறேன். அதை மூன்று நாளாக மனப்பாடம் வேறு செய்திருக்கிறேன்.

தாளை மடித்தேன்.

"தப்பா சொல்லிட்டேன். ரோசி அக்கா கேட்டதுதான் சரி. காத்துக்குக் குறுக்க ஓடணும். நெடிய விட்டு வெளிய வந்தப்புறம், காத்து வர்ற பக்கமா போணும்."

"உசுரக் கையில புடிச்சிகினு ஓடசொல்ல, காத்து எந்தப் பக்கம்னு இன்னாத்தக் கண்டேன்?" என்றார் பீம்ராவ்.

தொழிற்சாலை என்றால் காற்றின் திசை காட்டக் கம்பத்தில் காற்றுப்பை தொங்கும். தெருவில் ஏது? வாசலுக்கு வெளியே பார்த்தேன்.

"அதோ, கட்சிக் கொடிங்க. அஞ்சு கம்பம் கீது. அஞ்சும் மேற்கால பறக்குது, அப்ப காத்து கடல்லேர்ந்து வருது. நாம தெக்கயோ வடக்கயோ ஓடணும்."

"அஞ்சு கட்சியும் ஒரே பக்கமா? அடிச்சிது பார்றா கூட்டணி!" என்றார் பீம்ராவ்.

அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். மீதியைத் தாளைப் பார்க்காமலே சொல்லி முடித்து, கிளாஸை நிமிர்த்தினேன். அக்கா முதல் டீயை எனக்கே ஊற்றினார்.

"இன்னொரு தபா கவுக்கறதுன்னா, எல்லாரும் குடிச்சப்புறம் கவுத்து கண்ணு."

ரோசி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "மொதல்ல குறுக்க, அப்பால காத்து வர்ற பக்கம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

ஏழு நிமிடம் பேசியிருக்கிறேன். இரண்டு நிமிடம் அதிகம். குறிப்பில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். மற்ற வரிகளையும் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், சரியாக இருக்கின்றன.

நாளை: எட்டு மணிக்குப் பஸ். ஒன்பதரைக்கு மணலி. தாளைப் பையிலேயே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேச வேண்டும்.