போர்வை இல்லாமல் கரையேறக் கூடாது

வெள்ளைக்காரப் போலீஸ் கேப்டன் ஃபூரி கறுப்பர் குடியிருப்புக்குள் வந்தால் கண்ணீர்ப்புகைக் குண்டோடுதான் வருவார். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். எலி அம்மணமாக ஓடினால் காரணம் இல்லாமலா இருக்கும்? பாஸ்டர் மபாண்ட்லாவின் மனைவி மாபேலே, வீட்டில் இருந்ததிலேயே விரிசல் இல்லாத கோப்பையாகப் பார்த்துத் தேநீர் கொடுத்தாள்.

"டென்மார்க்கில உங்களுக்குச் சமாதானப் பதக்கம் தர்றாங்களாமே பாஸ்டர்? பாஸ்போர்ட் கேட்டு எழுதியிருக்கீங்க. கொடுத்துடலாம். ஈஸ்டர் ஞானஸ்நானத்தை மட்டும் உங்களுக்கு ஒதுக்கின கரையிலேயே வச்சுக்குங்க. எங்க கரைக்கு வர வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் பாஸ்டர். ஃபூரி தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பதக்கம் ஒன்றும் சும்மா வரவில்லை. இருபது வருஷமாக மனுஷன் கல் எடுத்தவன் கையைப் பிடித்து இழுப்பார். துப்பாக்கி எடுத்தவன் முன்னால் போய் நிற்பார். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார். சொந்த ஊரில் சல்லிக்காசு மரியாதை கிடையாது. தபால் ஆபீசில் மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பயல்கூட அவரை "டேய் பையா" என்றுதான் கூப்பிடுவான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் எழுந்து நின்று தன் புருஷனை மதிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று மாபேலேவுக்கு அப்படி ஒரு ஆசை. பழைய கறுப்பு சூட்டைப் பிரித்துத் தைத்து, பொத்தான் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒதுக்கின கரை என்று ஃபூரி வாய் கூசாமல் சொன்ன இடம் முழுக்கப் பாறை. அடியில் இழுப்பு வேறு. மெத்தென்ற மணலும் அடங்கின அலையும் உள்ள இடத்தில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பலகை நட்டிருந்தார்கள். போன ஈஸ்டரில் ஞானஸ்நானம் வாங்க இறங்கிய வைஸ்மேனை அந்தப் பாறைக்கரைதான் விழுங்கியது. இந்த வருஷம் மணல் பக்கம்தான் இறங்கப்போகிறோம் என்று பாஸ்டர் பிரசங்க மேடையிலேயே சொல்லிவிட்டார்.

மாபேலே அன்று மாலையே கிளம்பினாள். ஞானஸ்நானம் வாங்கப்போகிறவர்கள் பத்துப் பேர்தான். அவர்களே "பாறைப் பக்கம் போதும்" என்று சொல்லிவிட்டால் பாஸ்டரும் சம்மதித்துவிடுவார் என்பது அவள் கணக்கு. முதலில் போனது வைஸ்மேனின் மனைவி தெம்பேகா வீட்டுக்கு. இந்த வருஷம் அவள்தான் முதலில் இறங்குவதாக இருந்தது. அடுப்பில் சோளமும் பீன்ஸும் வெந்துகொண்டிருந்தன.

மாபேலே சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னாள். தெம்பேகா கரண்டியை வைத்தாள்.

"பாஸ்டருக்காகன்னா பாறையிலயும் இறங்குறேன்க்கா. ஒரே ஒரு விஷயம் கேக்கட்டுமா?"

"கேளு."

"போன வருஷம் அவருக்குப் பிடிச்சிருந்தீங்களே போர்வை, அதையேதான் எனக்கும் பிடிப்பீங்களா? வேற போர்வை எடுத்துட்டு வருவீங்களா?"

இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரிலிருந்து எழுந்தவர், பாஸ்டரின் மனைவி இறங்கிவந்து போர்வை சுற்றாமல் கரையில் கால் வைக்கக் கூடாது. பிறந்த பிள்ளையை யாராவது துணியில் ஏந்தாமல் தரையில் விடுவார்களா? அதுபோலத்தான். போன வருஷம் அவள் போர்வையை விரித்தபடி நின்றாள், நின்றாள், வைஸ்மேன் வரவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "பாஸ்போர்ட்டை அந்த ஆளே வச்சுக்கட்டும்" என்றாள்.

"நேத்து வரைக்கும் சூட்டுக்குப் பொத்தான் தேடினவ யாரு?" என்று சிரித்தார் பாஸ்டர்.

"பொத்தான் கிடைக்கல. விடுங்க பாஸ்டரே!" என்றாள். அப்புறம் அடுப்படியில் போய் அழுதாள். ஆசை என்ன, சொன்ன உடனே செத்துவிடுமா?

ஈஸ்டர் விடியற்காலை சபை பாடிக்கொண்டே மணல் கரைக்குப் போனது. பலகையைத் தாண்டினார்கள். போலீஸ் வேன்கள் வந்து சேர்வதற்குள் பாஸ்டரும் வெள்ளை அங்கி போட்ட பத்துப் பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்கள். ஃபூரி பார்த்தார். கடலுக்கும் போர்வைக்காரப் பெண்களுக்கும் நடுவில் போலீஸ்காரர்களை வரிசையாக நிறுத்தினார். கரையில் பாஸ்டர் கழற்றி வைத்திருந்த கோட்டையும் செருப்பையும் சாட்சிப் பொருள் என்று வேனில் ஏற்றினார். கோட்டு என்ன சாட்சி சொல்லுமோ!

வரிசையில் நின்றவர்கள் முக்கால்வாசி நம்ம ஆட்கள்தான், வயிற்றுப்பாட்டுக்குக் காக்கி மாட்டியவர்கள். அடுத்த தெரு ஸோலாவும் நின்றான்.

"ஏண்டா ஸோலா, கடலு ஓடிடும்னு காவலா?" என்று ஒரு பெண் சீண்டினாள். அவன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

தண்ணீருக்குள் பாஸ்டர் ஒவ்வொருவராக முக்கி எடுத்தார். பத்தாவது ஆளும் முடிந்தது. ஃபூரி ஒலிபெருக்கியை எடுத்தார்.

"முடிஞ்சுதா? எல்லாரும் வெளிய வாங்க!"

யாரும் வரவில்லை.

"வெளிய வாங்கன்னு சொல்றேன்!"

"வர முடியாது கேப்டன்" என்று பாஸ்டர் அங்கிருந்தே கத்தினார். "போர்வை வரல!"

ஃபூரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஸோலாதான் தயங்கித் தயங்கி வழக்கத்தைச் சொன்னான். கேப்டனின் முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி ஆயிற்று. இத்தனை நேரம் இறங்காதே என்று தடுக்க வந்த மனுஷன், இப்போது ஏறு ஏறு என்று கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. உள்ளே போய் இழுத்து வரலாமென்றால் போலீஸ்காரர்களில் பாதிப்பேருக்கு நீச்சல் தெரியாது.

பனிக்கடல் பக்கமிருந்து வந்த தென்காற்று ஊசியாகக் குத்தியது. பாட்டு நடுங்க ஆரம்பித்தது. தெம்பேகாவின் உதடு நிறம் மாறுவது கரையிலிருந்தே தெரிந்தது. மாபேலே நேராக ஃபூரியின் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, நீங்களும் கோயிலுக்குப் போறவங்கதானே? உங்க பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்போ ஈரத்தோடயேவா விட்டீங்க?"

ஃபூரி கடலைப் பார்த்தார். பதக்கம் வாங்கப்போகிற பாஸ்டரின் ஆட்கள் தன் கண்முன்னால் விறைத்துச் செத்தால் டென்மார்க் பேப்பரில் யார் பெயர் வரும் என்று யோசித்தாரோ, இல்லை தன் பிள்ளையைத்தான் நினைத்தாரோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

"ஒரே ஒரு பொம்பளை. சீக்கிரம்."

மாபேலே பத்துப் போர்வையையும் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு வரிசைக்குள் புகுந்தாள். போலீஸ்காரர்கள் வழிவிட்டார்கள். வெள்ளையர் மணலில், போலீஸ் உத்தரவோடேயே, நடந்து போனாள்! தெம்பேகாவை முதலில் சுற்றி அணைத்தாள். அந்த உடம்பு கிடுகிடுவென நடுங்கியது, உயிரோடு நடுங்கியது. இரண்டு பேரும் ஓவென்று அழுதார்கள். அதன்பின் ஒவ்வொருவராக ஏறினார்கள், ஏற ஏற வேனில் ஏற்றப்பட்டார்கள்.

கடைசியாகப் பாஸ்டர் வந்தார். எல்லாரையும்விட அதிக நேரம் தண்ணீரில் நின்றவர் அவர். போர்வை தீர்ந்துவிட்டது. மாபேலே தன் சால்வையையும் ஏற்கெனவே தெம்பேகாவுக்குக் கொடுத்திருந்தாள். கோட்டோ சாட்சிப் பொருள். பல் கிடுகிடுக்க, விலங்குக்குக் கையை நீட்டிக்கொண்டு அலையோரத்திலேயே நின்றார்.

விலங்கோடு போனவன் ஸோலா. போனவன் விலங்கைப் பூட்டவில்லை. தன் காக்கி மேல்கோட்டைக் கழற்றி, கிழவரின் தோளில் போட்டு, கழுத்துவரை பொத்தானை மாட்டினான். அதற்கப்புறம்தான் விலங்கை எடுத்தான்.

"ஏய்! யாரோட கோட்டு அது?" என்று கத்தினார் ஃபூரி.

"என்னோடதுதான், சார்."

"கழட்டுடா அதை!"

வேலை போகப்போகிறது என்று ஸோலாவுக்குத் தெரியும்.

"அவர் இன்னும் காயலையே, சார்."

"நன்றி, தோலோ" என்றார் பாஸ்டர்.

தோலோ என்பது ஸோலாவின் குலப்பெயர். எங்களில் ஒருவனுக்கு மனசார நன்றி சொல்வதென்றால், அவன் முன்னோர் அத்தனை பேரையும் சேர்த்து அப்படித்தான் கூப்பிடுவோம். காக்கி போட்ட நாளிலிருந்து அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மணலில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். வரிசையில் நின்ற இன்னொரு போலீஸ்காரன், யாரும் சொல்லாமலே, பாஸ்டர் தன்னைக் கடந்தபோது தொப்பியைக் கழற்றினான். அவனைப் பார்த்து அடுத்தவனும் கழற்றினான்.

மாபேலே மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு கொள்ளவில்லை அவளுக்கு. டென்மார்க்காரர்கள் வேண்டுமானால் பதக்கத்தைத் தபாலில் அனுப்பட்டும்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"பாஸ்டரே, கொஞ்சம் நிமிர்ந்து நடங்க! மரியாதை வாங்கின ஆளு கூன் போட்டா நல்லாவா இருக்கு?"