ஜெயிலுக்கு எழுதிய மொய்

சப்ஜெயிலுக்கு எழுபத்தைந்து வயசு ஆகிறது என்று மதராசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. பழைய விலங்கு, கல்செக்கு, கைதிப் பதிவேடு எல்லாவற்றையும் ஓர் அறையில் ஒழுங்காக வைத்து ஜனங்களுக்குக் காட்டலாம். செலவை ஜனங்களிடமே வாங்கிக்கொள்ள வேண்டியது. பங்குனிக்குள் அறை தயாராகாவிட்டால் கரையான் அரித்த பதிவேடுகளைக் கொளுத்திவிட வேண்டியது. சர்க்காரின் தாராளத்தைப் பாருங்கள், தீப்பெட்டிக்கு மட்டும் காசு ஒதுக்கியிருந்தார்கள்.

ஹெட்வார்டர் குமாரசாமி அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார். அவருடைய அய்யனும் அதே ஜெயிலில் வார்டராக இருந்தவர். குமாரசாமிக்கு இரண்டு வயசாகும்போது காலராவில் போய்விட்டார். முகம் நினைவில்லை, படமும் கிடையாது. ஐம்பது வருசத்துப் பழைய பதிவேடு ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் 'காளியப்பன்' என்று கோணல்மாணலாகப் போட்ட கையெழுத்துதான் மிச்சம். அதைக் கொளுத்தச் சொன்னால் எந்த மகனுக்கு மனசு வரும்?

ஓடு, அலமாரி, தச்சுக்கூலி எல்லாம் சேர்த்து நூற்றிருபது ரூபாய் ஆகும் என்றார்கள். அவருக்கு மாதச் சம்பளம் இருபது. முதலில் பெரிய பண்ணையக்காரர் ராசப்பக் கவுண்டரிடம் போய் நன்கொடை கேட்டார்.

"ஏனுங்க, ஜெயிலுக்குப் போகாம இருக்கத்தானுங்க வருசா வருசம் வக்கீலுக்கு அழுவறேன். இப்ப ஜெயிலுக்கும் அழுவோணுமா?" என்று கேட்டுவிட்டு, கவுண்டர் மோர் கொடுத்து அனுப்பினார்.

குமாரசாமி இன்னும் இருபது வீடு ஏறி இறங்கினார். இருபது வீட்டிலும் மோர் கிடைத்தது.

கைதிகளுக்குக் களி கிண்டிப் போடும் ஆத்தாயிதான் வழி சொன்னாள். "நன்கொடைன்னு கேட்டா எவனுங்க குடுப்பான்? மொய்யின்னு கேளுங்க. பேசாம எழுதிப்போட்டுப் போவாங்க."

அந்த இடத்திலேயே இந்த மனுசனுக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ஜெயில் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினார். வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். தை மாதம் நல்ல முகூர்த்தத்தில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். சந்தனம் பூசிக்கொண்டு, கம்பிக்குப் பின்னால் நின்ற கைதிகளையும் நலம் விசாரித்துவிட்டு, மொய் எழுதினார்கள். ராசப்பக் கவுண்டர் ஐந்து ரூபாய் எழுதினார். கடைசியாக வந்த கருப்பண்ணன் என்ற கிழவர் மடியை அவிழ்த்து நாலணா வைத்தார். ஓடு வேய்ந்தாயிற்று, அலமாரி வந்தது, அய்யனின் கையெழுத்தும் பிழைத்தது.

சித்திரையில் ராசப்பக் கவுண்டர் தாம்பாளத்தோடு ஜெயில் வாசலில் நின்றார்.

"மூத்த பொண்ணுக்குக் கண்ணாலமுங்க. ஜெயிலு அவசியம் வந்து முன்ன நிக்கோணும்."

குமாரசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. மொய் என்றால் திரும்பிப் போக வேண்டும், அதுவும் ஒரு ரூபாய் கூடச் சேர்ந்து. ஐயோ! கல்யாணத்துக்கு மொய் வைக்கப் பணம் வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதினால் வேலையே போய்விடும். சம்பளத்திலிருந்து ஆறு ரூபாய் எடுத்துக்கொண்டு போனார். "சப்ஜெயிலு, ஆறு ரூவா!" என்று பந்தலில் உரக்கக் கூவினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து, "ஜெயிலு உங்களுக்கு என்ன ஒறவுங்க?" என்று கேட்டார். கவுண்டர் விவரத்தை ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. தாலி கட்டுவது அரை நாழிகை நின்றது.

கல்யாணம், சீர், காதுகுத்து என்று நாலு வருசம் ஓடியது. காது குத்தாத குழந்தையைத் தெருவில் கண்டாலே குமாரசாமி வேறு சந்தில் திரும்பிவிடுவார். வெற்றிலையை விட்டார், காப்பியை விட்டார். மொய் நோட்டில் நாற்பது பெயரையும் ஒவ்வொன்றாக அடித்தாயிற்று. பிள்ளை குட்டியில்லாத கருப்பண்ணன் வீட்டில் மட்டும் ஒரு விசேஷமும் வரவில்லை.

அந்தச் சமயத்தில் மதராசிலிருந்து இன்னொரு காகிதம் வந்தது. நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டப்போகிறார்கள், பட்டியல் அனுப்பு என்றது. திருப்பிக் கொடுத்தாயிற்றென்றால் அது என்ன நன்கொடை? குமாரசாமிக்குப் பொய் எழுதக் கை வராது. பாக்கி நின்ற ஒரே பெயர் கருப்பண்ணனுடையது. அதைச் சொல்ல அவருடைய குடிசைக்குப் போனார்.

"பெரியவரே, உங்க பேரு கல்லுல வருதுங்க."

"என் பேரா? வேண்டாமுங்க சாமி. நாங் குடுத்தது மொய்யில்லீங்க, திருப்பினது."

"யாருக்குத் திருப்புனீங்க?"

"வாய்க்காத் தகராறுல ஒருத்தன அடிச்சுப்போட்டு, எளவட்டத்துல ஒரு மாசம் உள்ள இருந்தனுங்க. வெளிய வுட்ட அன்னைக்கு ஊடு போய்ச் சேரக் காசில்ல. உங்கய்யன்தான் மடியிலருந்து நாலணா எடுத்துக் குடுத்தாரு. திருப்பிக் குடுக்கப் போனேன், அவரு செத்துப் போயிட்டாருன்னாங்க. நீங்க வந்து வெத்தல வெச்சப்பத்தான் குடுக்க ஒரு எடம் கெடச்சுது."

குமாரசாமி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கய்யன் எப்படிங்க இருப்பாரு?"

"உங்களாட்டமேதானுங்க சாமி. காது மட்டும் கொஞ்சம் பெருசு. சிரிச்சா ஒரு கண்ணு மூடிக்கும்."

குமாரசாமி நடந்தே திரும்பினார். வழியெல்லாம் அழுதார். எதிரே வந்த வண்டிக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். ஜெயிலுக்கு வந்து நாற்பத்தோராவது பெயரையும் அடித்தார். அன்றைக்கே பட்டியலை எழுதித் தபாலில் சேர்த்தார். அதில் இரண்டே வரி இருந்தது.

வார்டர் காளியப்பன், நாலணா. அவர் மகன் குமாரசாமி, மீதி.