மாடி அறைக் குழிவிரியன்

மின்சாரம் ஒரு பகல் முழுக்க இல்லாமல் போன மறுநாள், மாடி அறையிலிருந்து வாடை இறங்கி வந்தது. மலிகா கீழக்கரையில் மீன் வாடையோடு வளர்ந்தவள். இது வேறு. இனிப்பு கலந்த அழுகல், தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

அந்த அறையில் அவளுடைய தம்பி இஃப்திகார் இருந்தான். துபாயில் வேலை போய்த் திரும்பியவன். வளர்ப்பு மீன் வியாபாரம் என்று சொல்லி அறையைப் பூட்டியே வைத்திருந்தான். உள்ளே ஏசி எந்நேரமும் ஓடும். கேட்டால், குளிரில் வாழும் மீன்கள் என்பான்.

அவன் மதுரைக்குப் போயிருந்தான். மலிகா மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தாள்.

மீன் ஒன்றும் இல்லை. பிரியாணி பார்சல் கட்டும் பிளாஸ்டிக் டப்பாக்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மூடிகளில் கம்பியால் சுட்ட துளைகள். ஒவ்வொன்றிலும் முக்கோணத் தலையோடு ஒரு பச்சைப் பாம்பு. பெரும்பாலானவை செத்து, வயிறு ஊதி, தங்கள் கழிவிலேயே ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் புழு நெளிந்தது. கடைசி டப்பாவில் மட்டும் ஒரு பாம்பு மெல்ல அசைந்தது. அதைச் சுற்றி, மண்புழு போல மெலிந்த குட்டிகள் செத்துக் காய்ந்திருந்தன. மலிகா ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

மாலையில் வந்த இஃப்திகார் அசரவில்லை. இது குழிவிரியன், மூணாறு, ஆனைமலைப் பக்கத்து உச்சிக் காடுகளை விட்டால் எங்கும் கிடையாது, அழிந்துகொண்டு வருவதால்தான் வெளிநாட்டில் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள் என்று விளக்கினான்.

"இது முட்டை போடாது லாத்தா, குட்டிதான் போடும். சினையாப் பாத்துப் புடிக்கச் சொன்னேன். ஒண்ணு வாங்குனா நாலஞ்சு கெடைக்கும்ல," என்றான் அக்காவிடம் பெருமையாக.

செத்த குட்டிகளைக் கம்பியால் சுரண்டி ஒரு கவரில் போட்டான். கையைக் கைலியில் துடைத்துவிட்டுக் கீழே வந்து, உம்மா வைத்த சோற்றில் மீன் ஆணத்தைப் பிசைந்தான். அந்த விரல்களையே மலிகா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்னு கூடத் தோணலையாலே ஒனக்கு?"

"வெசப் பாம்புக்கு என்ன பாவம் லாத்தா? கடிச்சா ஆளு காலி."

"அது மலையில கெடந்துச்சு. ஒன்னைத் தேடியா கடிக்க வந்துச்சு?"

அவன் இன்னொரு துண்டு மீன் கேட்டான். மலிகா எழுந்துபோய் வனத்துறைக்குப் போன் செய்தாள்.

காலையில் அவர்கள் வந்து அறையைத் திறந்ததும் இஃப்திகார் அவளைக் கைகாட்டினான். "வீடு லாத்தா பேருல இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

பெண் பிள்ளைகளுக்கு வீடு எழுதிவைப்பது அந்த ஊர் வழக்கம். அதையே அவன் ஆயுதமாக்கிவிட்டான். அவள்தான் தகவல் சொன்னாள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். அவனைத்தான் கைது செய்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

உயிரோடிருந்த பாம்பை முருகேஸ்வரி என்ற வனக்காவலர் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். சில நாள் கழித்து அவரே போனில் பேசினார். மருத்துவர் பார்த்த பிறகு சோலைக்காட்டில் விட்டுவிட்டார்களாம். பிழைக்குமா என்று மலிகா கேட்டாள். சொல்ல முடியாது என்றார்.

ஜாமீனில் வந்த இஃப்திகார் வாசலில் நின்று கூப்பிட்டான். மலிகா கதவைத் திறக்கவில்லை. பிள்ளையை விட முடியாமல் உம்மா பையைத் தூக்கிக்கொண்டு அவனோடு கிளம்பினாள். மலிகா தடுக்கவில்லை.