கெதியாத் தூக்கு

கார் ஓட்டிக்கொண்டிருந்த சிமியோன் தலையைப் பின்னால் திருப்பியது ஒரு பகிடியை முடிப்பதற்காக. கேட்பவன் சிரிக்கிறானா என்று பார்க்காமல் பகிடி சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. பின்சீற்றில் இருந்த மச்சான் சூசைதாசன் சிரிக்கத்தான் செய்தான். அதற்குள் உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட, வெங்காயம் கட்டிய சைக்கிள் ஒன்று காரின் மூக்கில் பட்டுப் பறந்தது. ஹோர்ன் அடித்திருக்கலாம். அது ஊமையாகி எட்டு மாதம்.

போர்த் தடையால் பெற்றோல் வராத அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடுகிறவரை ஓடும், நின்றுபோனால் மறுபடி கிளப்ப நாலு துளி பெற்றோல் வேண்டும். சிமியோனின் மருந்துக் குப்பியில் இருந்த கடைசித் துளிகள் காலையில் குருநகரிலேயே முடிந்திருந்தன. ஆகவே காரை உறுமவிட்டபடியே பாய்ந்து இறங்கினான்.

“தோளைப் பிடி மச்சான், நான் காலைப் பிடிக்கிறன். கெதியாத் தூக்கு! எஞ்சின் நிண்டால் இவனையும் காரையும் சேத்தெல்லோ தள்ளவேணும்!”

வெங்காயக்காரனை மூட்டை மாதிரி மடித்துப் பின்சீற்றுக்குள் ஏற்றினார்கள். எஞ்சின் நிற்கவில்லை. இடித்துவிட்டு ஓடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தானே என்று ஊர் மெச்சியது. ஊர் மறந்த இரண்டு இடத்தில் சிமியோன் தானே எடுத்துச் சொன்னான்.

வெங்காயக்காரன் சோமசேகரம் பிழைத்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழேதான் உணர்வு திரும்பவில்லை.

அடுத்த மாதம், குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று வாசிகசாலையில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள்.

“முதுகெலும்பிலை அடிபட்டவரை மடிச்சுத் தூக்கக் கூடாது. கதவு ஒண்டைக் கழட்டி, அதிலை நேராக் கிடத்தி, நாலு பேர் ஆறுதலாத் தூக்கவேணும்,” என்றார் படிப்பித்தவர்.

“அவ்வளவு நேரமும் கார் ஸ்ராட்டிலை நிக்குமோ, சேர்?” என்று கேட்டான் சிமியோன்.

எல்லோரும் சிரித்தார்கள். தன் பகிடிக்குத் தானே சிரிக்காமல் அவன் வீடு போனது அன்றுதான்.

அதற்குப் பிறகு, அந்த முதுகெலும்பு எந்த நேரம் முறிந்தது என்று கேட்டுத் திரிந்தான். “எலும்பிலை நேரம் எழுதிக் கிடக்காது ஐயா,” என்றார் டொக்டர். “கடவுள் சித்தம், சிமியோன்,” என்றார் பாதர். “உந்தக் கதையை விடு மச்சான்,” என்ற சூசைதாசன் அதோடு இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். மனைவி கத்தரீனா சோற்றுக் கோப்பையை அவன் பக்கம் தள்ளி வைத்து, “சாப்பிடுங்கோ,” என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சிமியோன் உரும்பிராய்க்குச் சைக்கிள் மிதிப்பான். சோமசேகரத்தின் மனைவி குணலட்சுமி தேத்தண்ணி கொடுப்பாள். ஒரு நாளும் ஒரு சுடுசொல் இல்லை. அதுதான் அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, இருக்கிற பகிடியெல்லாம் அவிழ்த்துவிடுவான். சோமசேகரம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். குலுக்கம் வயிற்றோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போர்வை அசையாது.

எட்டாவது ஞாயிறு அவனிடம் பகிடி இருக்கவில்லை.

“தம்பி, ஒண்டு கேப்பன். மறைக்காமல் சொல்லவேணும். நான் இடிச்சதிலையோ, தூக்கினதிலையோ?”

“இப்ப ஏன் அண்ணை உந்தக் கதை?” என்றாள் குணலட்சுமி. “தேத்தண்ணி ஆறுது.”

“நீ பேசாமல் இரு, அந்த மனிசன் கேக்கட்டும்.” முகட்டைப் பார்த்துக் கிடந்த சோமசேகரம் தலையைத் திருப்பி அவனை நேரே பார்த்தான்.

“ரோட்டிலை கிடக்கேக்கை ரெண்டு காலும் நெருப்பா எரிஞ்சது அண்ணை. செருப்பைக் காணேல்லையெண்டு பெருவிரலை ஆட்டிப் பாத்தனான். ஆடினது. நீங்கள் தூக்கினாப் பிறகுதான் ஆடேல்லை.”