மேனேஜரைத் தூக்கி வந்த கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலைவனத்தை ஒட்டிய ஊரில் இருந்தும் நான் அதில் நடந்ததில்லை. நாய் வளர்த்ததில்லை. வெயில் என்றால் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிற ஆள். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில்.

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பழுதாகி, அதைப் பார்க்க வந்த மெக்கானிக், "சரியாயிடுச்சு மேடம், ஏறுங்க" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். சில நொடிகளில் அது நின்றுவிட்டது. தான் சரிசெய்த லிஃப்டுக்குள் தானே மாட்டிக்கொண்ட மனிதரின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது சங்கடமாக இருந்தது. அவருடைய சகா வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அவர் கைப்பேசியின் திரையில் ஒரு நாயின் படம். பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று, "உங்க நாயா?" என்றேன்.

"பொண்ணோடது. எங்க தலையில கட்டிட்டு வெளிநாடு போயிட்டா. பேரு மேனேஜர்."

"மேனேஜரா?"

"காலைல எந்திரிச்சதும் ஒவ்வொரு ரூமாப் போயி எட்டிப் பாக்கும். எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு. வேலை மட்டும் ஒண்ணும் செய்யாது."

பிறகு, அந்த மேனேஜரைப் பாலைவனத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கதையைச் சொன்னார். சகா வந்து எங்களைக் கீழே இறக்கியபோது நான் மனதுக்குள் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2

முதல் வாக்கியங்கள், கைவிட்ட வரிசையில்:

சூரியன் மணலின் மீது தன் பொன் விரல்களால் [இல்லை. சூரியனுக்கு விரல் வைத்தால் அடுத்து நிலவுக்கு மூக்கு வைக்க வேண்டிவரும்.]

நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு ஆதிகாலந்தொட்டு [இது கட்டுரை. அதுவும் பள்ளிக்கூடக் கட்டுரை.]

மனைவியை இழந்த அந்த மெக்கானிக்குக்குக் கிடைத்த ஒரே துணை

இதில் ஒரு பத்தி வரைக்கும் போனேன். சோகம் நன்றாகவே கூடியது. ஆனால் அவருடைய மனைவி திடமாக இருக்கிறார். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து, வாய் வீங்கி வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார். கதைக்கு வசதியாக இருக்கும் என்பதற்காக ஒரு பெண்மணியைக் கொல்வது சரியில்லை. திரும்ப உயிர் கொடுத்தேன்.

ஆகவே சாதாரணமாகவே ஆரம்பிக்கிறேன்.

3

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்துநாலு வயது. இருபத்தெட்டு வருடமாகக் கட்டடங்களின் உள்வயிற்றில் வேலை. வெளிச்சத்தில் நடந்து பழக்கமில்லை. நாயை அவருக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அது வீட்டில் இருப்பதை ஏற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டு, பதில் வருவதற்குள், "அவன் எங்க, காட்டுங்க" என்பாள். அவர் கைப்பேசியை நாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு ஞாயிறு மகள் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உப்பிப் போய் இருக்கான்? நடக்க வைக்கிறீங்களா இல்லையா?" என்றாள்.

"தெருமுனை வரைக்கும் போறோம்மா."

"தெருமுனையா? அவனும் நானும் அந்தப் பாலைவனப் பாதையில எட்டு கிலோமீட்டர் போவோம். அங்க கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு வழியே தெரியும்."

அடுத்த விடுமுறை நாளில் அவர் கிளம்பினார். ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். குளிர்காலம் முடியும் தறுவாய். காற்று சில்லென்றிருந்தது. வெயில் பளிச்சென்று, தீங்கு செய்யாதது போல இருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் காவலர்களின் சிறு அறையும், பக்கத்தில் ஒரு பலகையும். பத்து மணிக்கு மேல் வளர்ப்புப் பிராணிகளை அழைத்துச் செல்ல வேண்டாம் என்று பலகை சொன்னது. மணி எட்டரை. ஒன்றரை மணி நேரம் தாராளம் என்று அவர் கணக்குப் போட்டார். போவதற்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்பது அப்போது உறைக்கவில்லை.

நாய் முன்னால் போயிற்று. எந்த வளைவில் திரும்ப வேண்டும், எந்தப் பாறையை முகர வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அவர் வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. செம்மண் நிறப் பாறைகள், முள் புதர்கள், வேறொன்றுமில்லை. அவருக்கு அந்த ஒன்றுமில்லாமை பிடித்துப்போயிற்று. முகட்டில் உட்கார்ந்து படமெடுத்து மகளுக்கு அனுப்பப் பார்த்தார். சிக்னல் இல்லை.

இறங்கும்போது பத்தேகால். அதற்குப் பிறகுதான் நாய் பாதங்களை மாற்றி மாற்றி வைக்கத் தொடங்கியது. விளையாடுகிறது என்று நினைத்தார். பாதி வழியில், இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, அது உட்கார்ந்துவிட்டது. இழுத்தால் வரவில்லை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது. தரையில் தன் உள்ளங்கையை வைத்தார். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார்.

தன் காலுறைகளைக் கழற்றி அதன் முன்னங்கால்களில் மாட்டினார். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். பின்னங்கால்களுக்கு ஒன்றுமில்லை. கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினார். மிச்சமிருந்த அரை பாட்டில் தண்ணீரைத் தொப்பியில் ஊற்றிக் காட்டினார். நாய் கொஞ்சம் குடித்தது. எழுந்திருக்கவில்லை. நாக்கு நீளமாகத் தொங்கிற்று, மூச்சு ரம்பம் அறுப்பது போல வந்தது.

4

லிஃப்டில் கேட்டபடி அடுத்த காட்சி இது: அவர் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார்.

இதை நான்கு விதமாக எழுதினேன். எதிலும் அவர் நடக்கவில்லை. கதாபாத்திரம் நகர மறுத்தால் எழுதுகிறவரிடம்தான் எங்கோ கோளாறு. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஒரு மாடிக்கு மேல் முடியவில்லை. நாய் முப்பத்தொரு கிலோ என்று அவர் சொல்லியிருந்தார். முழங்கால் தேய்மானம் என்றும், அதனால்தான் படியேறும் வேலைகளைச் சகாவிடம் விடுவதாகவும் சொல்லியிருந்தார்.

[இங்கே ஒரு மோசடி செய்தேன். கதையில் நாயின் எடையைப் பதினெட்டு கிலோவாகக் குறைத்தேன். உடனே அவர் நடந்தார். வாக்கியங்களும் நன்றாக வந்தன. அந்தப் பக்கங்களை இங்கே தரவில்லை.]

5

மாதாந்திரப் பராமரிப்புக்கு வந்தவரிடம் அச்சிட்ட தாள்களைக் கொடுத்தேன். வராந்தாவில் நின்றபடியே, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசித் தாள் முடிந்ததும் மறுபடி அதன் முதல் வரிக்குப் போனார்.

"நாய் முப்பத்தொரு கிலோ மேடம்."

"தெரியும். கதைக்காகக் கொறச்சேன்."

"ஏன்?"

"முப்பத்தொண்ணுன்னா தூக்க முடியலியே."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். "ஆமா. தூக்க முடியல" என்றார். பிறகு, "உக்காரலாமா?" என்று கேட்டார். படியில் உட்கார்ந்தோம்.

6

இனி வருவது அவர் படியில் உட்கார்ந்து சொன்னது. இதில் எந்த எடையையும் நான் மாற்றவில்லை.

தூக்கிப் பார்த்திருக்கிறார். முப்பது அடி போனதும் முழங்கால் மடிந்து, நாயோடு விழுந்தார். பக்கத்தில் ஒரு பாறை கூரை போல நீண்டிருந்தது. அதன் நிழலுக்கு நாயை இழுத்துக்கொண்டு போய், பின்னால் ஓடிவராதபடி வாரை ஒரு பட்ட மரத்தின் வேரில் கட்டினார். தொப்பியைத் தண்ணீரோடு முன்னால் வைத்தார். "இரு, வந்துடறேன்" என்றார். நாய் குரைக்கவில்லை. அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பத்தில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் தப்பொன்றும் இல்லையே என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"இதுல இல்ல மேடம். அதுக்கப்புறம்."

கீழே வந்தபோது மணி பன்னிரண்டு. தலை சுற்றியது. காவலர் அறை நூறு அடி தூரம். கார் அதற்கும் முன்னால். காரில் ஏறி ஏசியைப் போட்டார். பின்சீட்டில் வெந்நீராகக் கிடந்த பாட்டிலை எடுத்துக் குடித்தார். இரண்டு நிமிடம் உட்காருவோம் என்று நினைத்தார்.

"பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன். என்ன நெனச்சேன்னு சொல்லட்டுமா? வாரு அவுந்து ஓடிப்போச்சு, தேடினேன், கெடைக்கலன்னு பொண்ணுகிட்ட சொல்லிடலாம்னு. ரெண்டு நாள் அழுவா. அப்புறம் போன் பண்ணா என்கிட்டப் பேசுவா."

அவர் தாள்களைப் பக்கத்துப் படியில் வைத்தார்.

"ரிவர்ஸ் போட்டேன் மேடம். வண்டி பின்னால நகந்துச்சு. ஒரு அடி, ரெண்டு அடி."

"அப்புறம்?"

"நியூட்ரலுக்கு வந்தேன்."

"ஏன்?"

"தெரியல."

[இந்த இடத்தில் ஒரு காரணம் வைக்க வேண்டும் என்று மூன்று வாரம் முயன்றேன். பின்சீட்டில் நாயின் முடி கிடந்ததைக் கண்ணாடியில் பார்த்தார் என்று எழுதினேன். மகள் அந்நேரம் அழைத்தாள் என்று எழுதினேன். அங்கே சிக்னல் கிடையாது என்பது நினைவுக்கு வந்து அடித்தேன். அவர் நல்லவர் என்பதால் என்று ஒருமுறை எழுதி, உடனே அடித்தேன். அந்த நொடி வரை அவர் நல்லவராக இருந்ததற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆகவே, நியூட்ரலுக்கு வந்தார். ஏனெனில்

இதற்குமேல் அந்த வாக்கியம் நகரவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.]

இறங்கிக் காவலர் அறைக்குப் போனார். அங்கிருந்த பெண் காவலர் கேட்டுக்கொண்டே தண்ணீர் கேனைத் தூக்கினார். "போர்டு வச்சிருக்கோமே, படிக்கலையா? விட்டுட்டு வந்து எவ்வளவு நேரமாச்சு?"

"இருபது நிமிஷம்" என்றார் இவர். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

காவலரும் அவரும் ஜீப்பில் முடிந்த தூரம் போய், மீதியை நடந்தார்கள். தொப்பி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. நாய் பக்கவாட்டில் படுத்திருந்தது. கால்களில் டேப் சுற்றிய காலுறைகள் அப்படியே இருந்தன. காவலர் ஓடிப்போய் அதன் வயிற்றில் தண்ணீர் ஊற்றினார். இவர் கொஞ்சம் தள்ளி நின்றார். அது கண்ணைத் திறந்து, காவலரைத் தாண்டி இவரைப் பார்த்தது.

"வாலை ஆட்டிச்சு மேடம். ரெண்டு தட்டு, தரையில. யாராச்சும் நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

ஆறு நாள் கால்நடை மருத்துவமனையில் இருந்தது. பிழைத்துக்கொண்டது. பாதங்கள் ஆற இரண்டு மாதம். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "தூக்கிட்டு வந்தேம்மா" என்றார். காவலரும் அவரும் ஜீப் வரை தூக்கி வந்தது உண்மைதான். மகள் அதை இரண்டு கிலோமீட்டர் ஆக்கினாள். தோழிகளுக்கெல்லாம் சொன்னாள். இப்போது ஞாயிறுகளில் முதலில் அவரோடுதான் பேசுகிறாள்.

7

முடிவுகள்.

(அ) மகள் விடுமுறைக்கு வருகிறாள். அவர் எதையும் சொல்வதில்லை. பொய்யோடு எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். நடக்கக்கூடியது.

(ஆ) அவர் சொல்கிறார். மகள் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இதுவும் நடக்கக்கூடியது.

(இ) அவர் சொல்கிறார், மகள் கட்டிக்கொள்கிறாள். இதை எழுதும்போதே என் கை கூசியது.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல், திருத்திய முழுப் பிரதியை அவரிடமே கொடுத்தேன். பெயர் எதுவும் போடவில்லை, வேண்டாமென்றால் கிழித்துவிடுங்கள் என்றேன். அவர் அதை மடித்துக் கருவிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நேற்று முற்பகல் பதினொரு மணிக்கு அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பெண் குரல்.

"நாலாவது மாடி மேடம்ங்களா? அப்பா போன்ல அப்படித்தான் பேர் போட்டிருக்காரு. நான் அவர் பொண்ணு. நேத்து வந்தேன்."

"சொல்லும்மா."

"கதை ஒண்ணு குடுத்தாரு படிக்கச் சொல்லி. பாறை நிழல்ல கட்டிப்போட்டுட்டு எறங்கிப் போறாரு, அதோட நிக்குது. அடுத்த பக்கம் இல்ல. மீதி எங்கப்பான்னு கேட்டா, உங்ககிட்டக் கேக்கச் சொல்றாரு. தூக்கிட்டு வந்தேன்னுதானே சொன்னாரு?"

மீதிப் பக்கங்கள் அவரிடம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த வாக்கியங்கள் மனப்பாடம். சொல்லியிருக்கலாம். பத்து நிமிடத்தையும், ரிவர்ஸையும், என் நடையில், அடிபிறழாமல்.

"அப்பாகிட்டக் குடும்மா" என்றேன்.

போன் கைமாறும் சத்தம். நாற்காலி இழுபட்டது. நாயின் நகங்கள் தரையில் தட்டித் தட்டி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போயின.

"மேடம்" என்றார்.

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானே சொல்றேன். நீங்க வச்சிருங்க."

இன்னும் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தால் முதல் வார்த்தையாவது கேட்டிருக்கும். எழுதுகிறவளுக்கு அந்த ஆசை இருக்காதா?

வைத்துவிட்டேன்.